ராஜபாளையத்தில் ஒரு புதுநன்மை

இருபத்திரண்டு வருஷமாக மலேசியாவின் ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மாதா கோயிலில் நான் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். என்னிடம் படித்து, பூசையில் முதன்முதலாக நற்கருணை அப்பம் பெறுகிற புதுநன்மையை வாங்காமல் நின்றுபோன பிள்ளை ஒன்றுகூட இல்லை. முரட்டுப் பிள்ளை, தூங்குமூஞ்சிப் பிள்ளை, தமிழே சரியாக வாயில் நுழையாத பிள்ளை, எல்லாரையும் கரை சேர்த்திருக்கிறேன். ஆகவே ராஜபாளையத்திலிருந்து சித்தப்பா மகள் ரீத்தா போன் செய்து, "அண்ணே, அமலிக்கு இந்த வருஷமாச்சும் புதுநன்மை கொடுத்துரணும். நீங்க ஒரு வாரம் வந்து சொல்லிக்கொடுத்தா நடந்துரும்" என்று சொன்னபோது நான் யோசிக்கவே இல்லை. தாய்மாமன் முறை வேறு. வெள்ளியில் ஒரு செபமாலை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பிள்ளைக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று ரீத்தா முன்பே சொல்லியிருந்தாள். நானும் சத்தமாகப் பேசினால் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் பேசிப் பழகிய தொண்டை இது.

திங்கட்கிழமை காலை ராஜபாளையத்தில் இறங்கியபோது மலைதான் முதலில் கண்ணில் பட்டது. ஈப்போவிலும் ஊரைச் சுற்றி மலை உண்டு. அவை சுண்ணாம்புக் குன்றுகள், வீட்டுக் கொல்லையில் நட்டுவைத்தது போலத் திடீரென்று எழுந்து நிற்கும். இங்கே மலை தூரத்தில் நீளமாகப் படுத்துக்கிடக்கிறது. அதன் மேல் மேகம் இருக்கிறது, ஊருக்குள் ஒரு சொட்டு மழை இல்லை. மே மாத வெயில் காலை எட்டு மணிக்கே முதுகைச் சுட்டது.

ரீத்தாவின் கணவர் அந்தோணி பேண்டேஜ் துணி ஏற்றும் சிறிய வேன் ஓட்டுகிறார். அந்த வேனிலேயே என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனார். பின்னால் வெள்ளை வெளேரென்று மருந்துக்கட்டுத் துணி மூட்டைகள். "மச்சான், உலகத்துல எவனுக்கு எங்க அடிபட்டாலும் நம்ம ஊருத் துணிதான்" என்றார். வழியில் நிறுத்தி எண்ணெயில் பொரித்த பரோட்டா வாங்கிக்கொடுத்தார். எங்கள் ஊர் ரொட்டி சானாய் மெத்தென்று இருக்கும். இது மொறுமொறுவென்று உடைந்தது. சால்னாவை அதன் தலையில் ஊற்றினதும் அடங்கி ஒடுங்கியது. காலை எட்டரை மணிக்கு மூன்று பரோட்டா தின்றேன் என்பதை என் மனைவி படிக்காமல் இருக்கட்டும்.

வீட்டு வாசலில் இரண்டு பிள்ளைகள் நின்றார்கள். சின்னவள் ஜெனி, ஆறு வயது, ஓடிவந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். பெரியவள் அமலி, பத்து வயது, இரட்டைச் சடை, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அமலி, மாமா வந்திருக்கேன்!" என்று என் வகுப்புக் குரலில் கூப்பிட்டேன். ஜெனி காதைப் பொத்திக்கொண்டாள். தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். அமலியின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

ரீத்தா தலையைக் குனிந்துகொண்டாள். "மந்தம்னு சொன்னது பொய் அண்ணே. பெறந்ததுல இருந்தே ஒண்ணும் கேக்காது. முழுசா சொன்னா நீங்க வராமப் போயிருவீகளோன்னு பயந்துட்டேன்."

அமலி வெளியூரில் காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் படிக்கிறாள். கோடை விடுமுறைக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் வீடு. பங்குக் கோயிலில் புதுநன்மைப் பிள்ளைகள் மந்திரங்களை வாய்விட்டு ஒப்பிக்கவேண்டும். இரண்டு வருஷமாக அவளுடைய வயதுப் பிள்ளைகள் வெள்ளை உடுப்புப் போட்டு மெழுகுதிரி பிடித்துப் போவதை அவள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

அன்று மாலையே பங்குத்தந்தையைப் பார்த்தேன். இளம் வயது, கடலோர ஊர்க்காரர், இந்தப் பங்குக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. நான் அனுபவசாலியின் தோரணையில், பிள்ளைக்கு விலக்குக் கொடுத்துவிடலாமே என்றேன்.

"ஒப்பிக்க வேண்டாம் சார், அது எனக்குப் பெரிசு இல்ல" என்றார் அவர். "ஆனா பாவம்னா என்ன, மன்னிப்புன்னா என்ன, நற்கருணையில யாரு வர்றாருன்னு அவளுக்குத் தெரியணும். பரிதாபப்பட்டு நான் கையில வச்சிட்டா, அது அவளுக்குச் செய்யுற அவமரியாதை. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம், ஞாயிறு பூசை. அதுக்குள்ள முடியுமா?"

"முடியும்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

செவ்வாய்க்கிழமை பாடம் தொடங்கியது. அமலியின் கையெழுத்தைப் பார்த்து அசந்துபோனேன். பரலோக மந்திரத்தைப் புத்தகத்தில் காட்டினேன். ஒரு புள்ளி பிசகாமல் எழுதிக் காட்டினாள். புத்தகத்தை மூடினேன். மனப்பாடமாகவே எழுதினாள்! ரீத்தாவுக்கு வாயெல்லாம் பல். நான் மறைக்கல்விப் புத்தகத்தில் 'பாவம்' என்ற சொல்லின் கீழே கோடு போட்டு, கையை விரித்து, என்ன என்று கேட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, 'பாவம்' என்று பத்துத் தடவை எழுதி நீட்டினாள். 'மன்னிப்பு' என்பதற்குக் கோடு போட்டேன். அதையும் பத்துத் தடவை எழுதினாள். பிறகு பாராட்டுக்காக என் முகத்தைப் பார்த்தாள்.

அவளுக்கு அவை அழகான கோலங்கள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. என் மனம் அப்போது ஒரு கேள்வியைக் கேட்டது: ஈப்போவில் கடகடவென்று ஒப்பித்த பிள்ளைகளிடம் நான் என்றைக்காவது கோடு போட்டுக் கேட்டிருக்கிறேனா? அந்தக் கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனேன்.

சாப்பிடும்போது அந்தோணி ஒரு யோசனை சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் ஒரு பால்கோவாக் கடையில் கருப்பசாமி என்று ஒருவர் வேலை பார்க்கிறார், அமலி படிக்கிற பள்ளியில்தான் அவரும் படித்தவர். "கை பேசுறவன் கிட்டக் கேட்டாத்தான மச்சான் கை பாஷை தெரியும்?"

புதன்கிழமை நானும் அமலியும் பஸ் ஏறினோம். ஜன்னல் ஓரம் அவளுக்கு. எங்கள் ஊரில் பஸ்ஸில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, எல்லார் கண்ணும் கைப்பேசியில். இங்கே இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் பக்கத்துச் சீட்டு அம்மாள் என் வயது, ஊர், பிள்ளைகளின் கல்யாண விவரம் எல்லாம் வாங்கிவிட்டார். "மலேசியாவுலயா? அங்க எம்புட்டு நாளு இருப்பீக?" என்றார். பிறந்ததே அங்கேதான் என்றேன். "பொறவு இம்புட்டு நல்லாத் தமிழ் பேசுதீக?" என்று எனக்கு நற்சான்றிதழ் கொடுத்து இறங்கிப்போனார்.

கடையின் பின்கட்டில் விறகடுப்பு. வாயகன்ற இரும்புச் சட்டியில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. முப்பது வயதிருக்கும் கருப்பசாமி, பனியன் நனைய, நீளக் கரண்டியால் அடிபிடிக்காமல் துழாவிக்கொண்டிருந்தார். அமலி அவர் முன்னால் போய் நின்று கையால் இரண்டு சைகை காட்டினாள். அவர் முகம் மலர்ந்தது. ஒரு கை கரண்டியில், மறு கையால் பதில். அவள் இரண்டு கையாலும் பொழிந்து தள்ளினாள். இரண்டு நாளாக வாயைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளையா இது! சிரித்தாள், கோபித்தாள், யாரோ ஒருவர் நடப்பது போல நடந்து காட்டினாள். கருப்பசாமி குலுங்கிச் சிரித்தார்.

கல்லாவில் இருந்த அவர் தங்கை முத்துமாரி எனக்கு மொழிபெயர்த்தாள். "ஹாஸ்டல் வார்டன் நடக்கதக் காட்டுதா. அவிய இன்னும் மாறலியாம்." நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்பு என்பதற்கு என்ன சைகை?

முத்துமாரி அண்ணனிடம் கேட்டாள். அவர் கரண்டியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு என் முன்னால் வந்தார். தன் காது மடலைப் பிடித்துக் காட்டினார். அது 'தப்புப் பண்ணிவிட்டேன்' என்று கேட்கிறவர் காட்டுவது. பிறகு இடது உள்ளங்கையை விரித்து, வலது கையால் மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை ஒரே இழுப்பில் துடைத்தார். அது கொடுக்கிறவர் காட்டுவது.

"தொடச்சாச்சு, இனி ஒண்ணும் இல்லங்காரு" என்றாள் முத்துமாரி. "ஆனா சார், எங்க அண்ணன் சொல்லுது: சைகை தெரிஞ்சா மட்டும் போதாதாம். தப்பு ஒண்ணு நடக்கணுமாம். நடக்காம எப்படிப் புரியும்ங்கு."

இலையில் சூடான பால்கோவாவை வைத்துக் கொடுத்தார்கள். இன்னும் இறுகாத, விறகுப் புகை வாசம் ஏறிய பால்கோவா. ஈப்போவில் எந்தக் காசுக்கும் இது கிடைக்காது. சைகையும் கையில், பால்கோவாவும் பையில். காரியம் முடிந்தது என்று எனக்கு ஒரே நம்பிக்கை.

திரும்பும் வழியில் பஸ்ஸின் டயர் வெடித்தது. நல்ல வேளையாக மாந்தோப்பு நிழல் ஒன்று பக்கத்தில் இருந்தது. எல்லாரும் இறங்கி நின்றோம். சற்றுத் தள்ளி ஓர் அம்மாள் நுங்கு சீவி விற்றுக்கொண்டிருந்தார். அமலிக்கு நுங்கு வாங்கிக்கொடுத்தேன். அவள் விரலால் அதைத் தோண்டி உறிஞ்சிக்கொண்டிருந்தபோது அடுத்த பஸ் வந்தது. ஏற்கெனவே நிறைந்த பஸ். "ஏறுங்க ஏறுங்க, செத்த நேரந்தான் நிக்கும்" என்று கண்டக்டர் விரட்டினார். நான் பால்கோவாப் பையைத் தூக்கிக்கொண்டு, "அமலி, வாம்மா! அமலி!" என்று கூப்பிட்டபடி படியில் கால் வைத்தேன். பின்னால் வந்த கூட்டம் என்னை உள்ளே தள்ளியது. அவளும் அந்தக் கூட்டத்தில் ஏறியிருப்பாள் என்றுதான் நினைத்தேன். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். இரட்டைச் சடை எங்கும் இல்லை.

நான் எப்படிக் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. பஸ் நிற்பதற்குள் அந்த மாந்தோப்பு கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போயிருந்தது. ஐம்பத்தெட்டு வயதில், உச்சி வெயிலில், செருப்பு ஒன்று கழன்று போக, தார்ச் சாலையில் ஓடினேன். லாரிகள் உரசிக்கொண்டு போயின. அவள் பஸ்ஸைத் துரத்தி ஓடிவந்திருந்தால்? பின்னால் வருகிற லாரியின் ஹாரன் அவளுக்குக் கேட்காதே. ஓடிய தூரமெல்லாம் இந்த ஒரே நினைப்புதான்.

அவள் ஓடவில்லை. நுங்கு விற்ற அம்மாள் அவள் தோளை இறுக்கிப் பிடித்து வைத்திருந்தார். அமலியின் முகமெல்லாம் கண்ணீர். நான் கிட்டே போய்க் கையைப் பிடித்தேன். உதறினாள்.

"பின்னாடியே ஓடப் பாத்துச்சு. பிடிச்சு வச்சேன்" என்றார் அந்த அம்மாள். "அண்ணாச்சி, நீங்க கூப்பிட்டதப் பாத்தேன். அதுக்குக் காது கேக்காதுன்னு தெரியாதா?"

"தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சுமா?"



வீட்டில் ரீத்தா நடந்ததைக் கேட்டு முதலில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "அவளப் பின்னாடி வரவிடக் கூடாதுண்ணே. எப்பவும் முன்னாடி நடக்கவிட்டு நாம பின்னாடி போவணும். நான் சொல்லாம விட்டுட்டேன், என் தப்பு" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "உன் தப்பு இல்லம்மா" என்று மட்டும் சொன்னேன். பால்கோவாவை யாரும் தொடவில்லை.

வியாழக்கிழமை காலையில் அமலி என் பக்கம் திரும்பவே இல்லை. பாடப் புத்தகத்தை எடுத்தால் எழுந்து போனாள். காது மடலைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். முகத்தைத் திருப்பினாள். மறுபக்கம் போய் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். காது கேளாத பிள்ளை கண்ணையும் மூடிக்கொண்டால் அதற்கு மேல் எந்த மனிதனும் எதுவும் சொல்ல முடியாது. அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

ஜெனி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துவிட்டு, "மாமா, அக்கா கோவம் போக ரொம்ப நாளாவும்" என்று தைரியம் சொன்னாள்.

நான் ஒரு தாளை எடுத்து பஸ் படம் வரைந்தேன். எனக்குப் படம் வராது. பஸ், ஜன்னலில் வழுக்கைத் தலையோடு நான், ரோட்டில் இரட்டைச் சடையோடு அவள். கீழே 'என் தப்பு' என்று எழுதி அவள் பக்கம் தள்ளினேன். வெகுநேரம் அது அங்கேயே கிடந்தது. பிறகு அவள் பென்சிலை எடுத்தாள். என் படத்தின் முகத்தில் வாயைப் பெரிதாக, கத்துகிற வாயாக வரைந்தாள். அந்த வாயின் மேல் அழுத்தமாக ஒரு பெருக்கல் குறி போட்டாள். பிறகு அந்தத் தலையில் இரண்டு கண்களை வரைந்து, அவற்றிலிருந்து ஒரு கோடு இழுத்து, ரோட்டில் நிற்கும் பெண்ணிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

கத்தாதே. என்னைப் பார்.

நான் தலையாட்டினேன். மீண்டும் காதைப் பிடித்துக்கொண்டேன். இந்த முறை அவளைப் பாடம் படிக்க வைக்கவேண்டும் என்ற நினைப்பு எனக்கு இல்லை. சனி, ஞாயிறு எதுவும் நினைவில் இல்லை. இந்தப் பிள்ளை என்னைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

அவள் போய்விட்டாள். மத்தியானம் ரீத்தா சப்பட்டை மாம்பழம் நறுக்கி வைத்தாள். ராஜபாளையத்து மாம்பழத்துக்கு ஈடு கிடையாது என்று ஊர் முழுக்கச் சொல்லுகிறார்கள், உண்மைதான். ஆனால் அன்றைக்கு அது எனக்கு ருசிக்கவில்லை. தட்டோடு உட்கார்ந்திருந்தேன். அமலி வந்து எதிரில் உட்கார்ந்தாள். என் இடது கையைப் பிடித்து இழுத்தாள். மாம்பழச் சாறு ஒட்டிய என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். தன் வலது கையால் மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை ஒரே இழுப்பில் துடைத்தாள். கருப்பசாமி தன் கையைத்தான் துடைத்துக் காட்டினார். இவள் என் கையைத் துடைத்தாள்.

நான் அழுதுவிட்டேன். அவள் அதைப் பொருட்படுத்தாமல் என் தட்டிலிருந்து ஒரு துண்டு மாம்பழத்தை எடுத்துத் தின்றாள்.

சற்று நேரம் கழித்துச் சுவரில் இருந்த பாடுபட்ட சுரூபத்தைக் காட்டினேன். சிலுவையில் இருந்தவரைக் காட்டி, உள்ளங்கையைத் துடைத்து, அவளைக் காட்டி, என்னைக் காட்டினேன். அவள் சுரூபத்தின் கைகளையே பார்த்தாள். ஆணி அடித்து விரிந்திருந்த உள்ளங்கைகள். எழுந்து ஓடிப்போய் நோட்டைக் கொண்டுவந்தாள். பத்துத் தடவை எழுதிய 'பாவம்' என்ற பக்கத்தில் ஒரு பஸ் வரைந்தாள். 'மன்னிப்பு' என்ற பக்கத்தில் விரிந்த ஒரு கை. பிறகு தன்னைக் காட்டிக்கொண்டு, மெல்லக் காது மடலைப் பிடித்து, சுரூபத்தைக் காட்டினாள். அவளுக்கும் ஏதோ இருந்தது. என்னிடம் சொல்ல வந்தாள். நான் அவள் கையை மென்மையாகப் பிடித்து நிறுத்தினேன். அது பங்குத்தந்தை கேட்கவேண்டியது, எனக்கு உரியது இல்லை.

வெள்ளிக்கிழமை அவளைப் பங்குத்தந்தையிடம் கூட்டிப்போனேன். நான் பின்னால், அவள் முன்னால். அவர் அலுவலறைச் சுவரில், இயேசு பன்னிரண்டு சீடரோடு உண்ட கடைசி இராவுணவுப் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதைக் காட்டி, அப்பத்தைக் காட்டி, என்ன என்று கையால் கேட்டார். அமலி ஒரு தாள் வாங்கிக்கொண்டாள். நீளமாக ஒரு மேசை. படத்தைப் பார்த்துப் பார்த்துத் தலைகளை எண்ணி வரைந்தாள். பதின்மூன்று. நடுவில் இருப்பவர் கையில் அப்பத்தை வைத்தாள். அந்த அப்பத்துக்குள் சின்னதாக அவர் முகத்தையே வரைந்தாள். பங்குத்தந்தை என்னைப் பார்த்தார். அவள் இன்னும் முடிக்கவில்லை. மேசையின் ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே பதினான்காவதாக ஓர் இரட்டைச் சடை.

"போதும் சார்" என்றார் அவர். "என் வகுப்புல ஒப்பிச்ச இருபது பிள்ளைகள்ல ஒண்ணுகூட இப்படிச் சொன்னது இல்ல."

ஆனால் பாவசங்கீர்த்தனம்? பாவங்களைக் குருவானவரிடம் தனியே சொல்லி மன்னிப்புப் பெறுவது அது. அவருக்குச் சைகை தெரியாது. நடுவில் மொழிபெயர்க்க ஆள் வைத்தால் அந்தரங்கம் போய்விடும். தாளில் எழுதவோ வரையவோ செய்யலாம். "அந்தத் தாளு யாரு கையிலயாச்சும் சிக்கினா? சின்னப் பிள்ளைன்னாலும் ரகசியம் ரகசியம்தானே" என்றார் அவர். கிழித்துப் போடலாம், எரிக்கலாம் என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். அமலி எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்தாள். என் கை தற்செயலாக மேசையைத் துடைப்பது போல அசைந்தது. அப்போதுதான் தோன்றியது. "ஃபாதர், சிலேட்டு!" என்றேன்.

சனிக்கிழமை காலை சிலேட்டைத் தேடி அலைந்தேன். நான்கு கடைகளில் பிளாஸ்டிக் பலகையும் பேனாவும்தான் இருந்தன. ஐந்தாவது கடைக்காரர், "இப்பல்லாம் யாரு சிலேட்டு கேக்கா?" என்று சிரித்துவிட்டு, உள்ளே இருந்த மனைவியிடம் தெலுங்கில் ஏதோ கேட்டார். அந்த அம்மாள் தூசியோடு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, "எத்தனாங் கிளாஸ் பிள்ளைக்கு?" என்றார். புதுநன்மைக்கு என்றேன். புரியாவிட்டாலும் நல்லபடியாக நடக்கட்டும் என்று சொல்லி ஒரு பெட்டி சிலேட்டுக் குச்சியைச் சும்மா கொடுத்தார்.

மாலையில் கோயிலில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்தில் முடித்து வந்தது. அமலி முறை வந்ததும் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். பங்குத்தந்தை ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு துணியும் வைத்திருந்தார். நானும் ரீத்தாவும் கடைசிப் பெஞ்சில், பீடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். குச்சி கிறீச்சிடுவது மட்டும் கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் வெளியே போய் விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். "என்னண்ணே, இம்புட்டு நேரம்? எம் பிள்ளை அம்புட்டுப் பாவமா பண்ணிருக்கு?" என்று ரீத்தா கவலைப்பட்டாள். "முதல் தடவையா ஒருத்தர் கேக்காரு, எல்லாத்தையும் சொல்லுதா, விடு" என்றேன். ராஜபாளையத் தமிழ் என் வாயிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவள் வந்தாள். சிலேட்டு நனைந்து கருகருவென்று இருந்தது. அதன் மரச்சட்டத்தில் ஒரு துளி தண்ணீர் தொங்கியது. பங்குத்தந்தை துடைத்தாரா அவள் துடைத்தாளா என்று தெரியாது. கேட்கவும் இல்லை. வெயிலில் இறங்கியதும் அமலி ரீத்தாவின் கையைப் பிடித்து, இரண்டு படிகளை ஒரே தாவலில் தாண்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கோயில் நிறைந்திருந்தது. இருபத்தொரு பிள்ளைகள், எல்லாரும் வெள்ளையில். அமலி வரிசையில் கடைசி. தாய்மாமன் என்ற முறையில் நான் செபமாலையை அவள் கழுத்தில் போட்டேன். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். "கிறிஸ்துவின் உடல்" என்றார் பங்குத்தந்தை. "ஆமென்" என்று கிளிபோலச் சொன்னார்கள்.

அமலி அவர் முன்னால் வந்ததும் அவர் ஒரு கணம் நின்றார். கொஞ்சம் குனிந்து, அவள் கண்ணுக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்து, உதட்டை நன்றாக அசைத்து, மெதுவாகச் சொன்னார். அமலி தலையசைப்பாள் என்று எல்லாரும் நினைத்தோம். அப்படித்தான் சொல்லியும் வைத்திருந்தேன்.

அவள் வாயைத் திறந்தாள். "ஆ...மே!" கரடுமுரடான, ஏறி இறங்கிய, பெரிய சத்தம். கோயிலின் பின்சுவர் வரை போயிற்று. முன்வரிசையில் இருந்த ஒரு பயல் களுக்கென்று சிரித்தான். அவன் அம்மா அவன் தொடையில் கிள்ளினாள். அமலிக்கு அந்தச் சிரிப்பும் கேட்கவில்லை, தன் சத்தமும் கேட்கவில்லை. கேட்கவேண்டியவருக்குச் சொன்னாள், வாங்கினாள், கைகூப்பிக்கொண்டு இடத்துக்கு வந்தாள். எனக்குப் பக்கத்தில் இருந்த ரீத்தா, "எம் பிள்ளை பேசிட்டா, எம் பிள்ளை பேசிட்டா" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அந்தோணி எழுந்து வெளியே போய், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

மத்தியானம் வீட்டில் பிரியாணி. தெருவே வந்து சாப்பிட்டது. கருப்பசாமியும் முத்துமாரியும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பெட்டி பால்கோவாவோடு வந்தார்கள். கருப்பசாமியும் அமலியும் சாப்பிட மறந்து கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று முத்துமாரியிடம் கேட்டேன். "நீங்க ரோட்டுல ஓடி வந்ததச் செஞ்சு காட்டுதா சார்" என்றாள். அமலி ஒற்றைச் செருப்போடு, தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஒரு மனிதனாக மாறியிருந்தாள். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமை நான் கிளம்பவேண்டும். பெட்டியைப் பூட்டும்போது அமலி ஜெனியை இழுத்துக்கொண்டு வந்தாள். ஜெனிக்குப் புதுநன்மை வாங்க இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அதற்கும் வந்துவிடுகிறேன், பாடம் சொல்லித் தருகிறேன் என்று கையால் காட்டினேன். அமலி வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தாள். என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினாள். எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல், நின்று யோசித்து யோசித்து, என் டிக்கெட் உறையின் பின்பக்கம் தன் சொந்தத் தமிழில் எழுதினாள்:

"தங்கச்சி பாடம் நான். மாமா சாப்பிட வா."